இடப்பக்கத்துப் பட்டாம்பூச்சிகள்

எஸ்தர் மேடம் கூட்டிச் சொல்கிறார் என்றுதான் சாந்தாமணிக்கு முதலில் தோன்றியது. இருநூற்றுப் பன்னிரண்டு என்றார் மேடம். சாந்தாமணியின் உள்ளங்கைக்குள் இருந்த எண்ணும் கருவி தொண்ணூற்றேழில் நின்றிருந்தது. ஒரே இடம், ஒரே பத்து நிமிஷம். கணவாய் மேட்டில், பாலத்தின் கட்டைச் சுவர்மேல் இரண்டு பேரும் தோள் உரச உட்கார்ந்து கிழக்கே பார்த்துத்தான் எண்ணினார்கள். இடப்பக்கம் ஒற்றைப் பனை, வலப்பக்கம் யானை படுத்த மாதிரி ஒரு பாறை, நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும், அந்தக் கோட்டைத் தாண்டி வரும் பட்டாம்பூச்சி ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலால் ஒரு அழுத்து. பேசக் கூடாது, அடுத்தவர் கையைப் பார்க்கக் கூடாது. கடைசியில் சொல்லும்போது ஐந்து குறையும், பத்து கூடும். ஒருத்தர் தும்மினால் நாலு பூச்சி தாண்டிவிடும், அது வழக்கம்தான். பாதிக்குமேல் எப்படிக் குறையும்? இறக்கைக்கு ஒன்றாக எண்ணியிருப்பார் மேடம் என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, ஏன் நின்றது என்று அவளுக்கு விளங்கவில்லை.

“தூங்கிட்டயா?” என்றார் எஸ்தர் மேடம், கோபமில்லாமல். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் தப்பாகக் கூட்டினாலும் தன்னுடைய தப்பைப் போலச் சங்கடப்படுவார்.

“இல்லீங் மேடம். முழிச்சுட்டுத்தான் இருந்தேன்.”

“சரி, இன்னொருக்கா எண்ணலாம். பேசாம பாரு.”

பேசாமல் பார்த்தாள். மேகம் மூடிய காலை, கண் கூசவில்லை, கீழே சமவெளி தென்னந்தோப்பும் கோழிப்பண்ணைக் கூரையுமாகப் படுத்துக் கிடந்தது. அதற்கு மேலே அவை வந்துகொண்டிருந்தன. கருப்பில் நீலக் கோடு போட்டவை, கருப்பில் வெள்ளைப் புள்ளி வைத்தவை, கிழக்கு மலைகளிலிருந்து கிளம்பி, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மேற்கு மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்கிற அவசரத்தோடு. அவசரம் என்று கோகுல் சொல்வான். கோகுல் இந்தக் குழுவை நடத்துகிறவன், மருந்து கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பூச்சிதான். அவனுக்கு வாடகைக்கு வண்டி ஓட்ட வந்தவள்தான் சாந்தாமணி. ஒருநாள் ஆள் குறைந்துபோய், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி, “அக்கா, சும்மா அமுக்கிட்டே இருங்க போதும்” என்று கருவியைக் கையில் கொடுத்தான், அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. வாரம் பூராவும் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு தலையாக எண்ணி எண்ணி, ஒன்று குறைந்தால் பதறியடித்துத் திரும்பி ஓடுகிற பிழைப்பு. இங்கே எண்ணுவதில் அந்தப் பயம் கிடையாது. ஒன்று விட்டுப்போனால் யார் அழப்போகிறார்கள். அமுக்கினாள். அமுக்கினாள். பாறைப் பக்கமாக மூன்று, நடுவில் ஒன்று, மறுபடி பாறைப் பக்கம். திடீரென்று ஒன்று மூக்குக்கு நேராக முளைத்தது, தூரத்திலிருந்து வராமல், ஆகாயத்தில் ஒரு தையல் பிரிந்து அதற்குள்ளிருந்து விழுந்த மாதிரி. திடுக்கிட்டுத் தலையைப் பின்னால் இழுத்தாள். அது பாட்டுக்குப் போயிற்று. இன்னொன்றும் அதே மாதிரி, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து. போன வருஷம் இப்படி முளைக்கவில்லையே. போன வருஷம் இவை தூரத்தில் பொட்டாகத் தெரிந்து, பெரிசாகி, இறக்கை கொண்டு, அப்புறம்தானே தாண்டின. மேடத்தின் கருவி பக்கத்தில் டிக் டிக் டிக்கென்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. என்னத்தை இப்படி அமுக்குகிறார்? அங்கே ஒன்றுமே இல்லையே.

“நூத்தி எண்பத்தி நாலு,” என்றார் மேடம்.

“எழுபத்தி ஒன்னுங்.”

எஸ்தர் மேடம் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். “உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா கண்ணு?”

கண்ணு. இந்த ஊர்ப்பக்கம் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுகிற கூப்பாடு அது, பால்காரர் கூப்பிடுவார், பஸ் கண்டக்டர் கூப்பிடுவார், அவளே ஒரு நாளைக்கு நூறு தடவை பிள்ளைகளைக் கூப்பிடுவாள், ஏறு கண்ணு, உக்காரு கண்ணு, கையை வெளியே நீட்டாதே கண்ணு. இன்றைக்கு அந்த வார்த்தை காதுக்குள் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டது. வியாழக்கிழமை அந்த வார்த்தையைத்தானே சொன்னாள். வண்டியில் முன்சீட்டில் இடப்பக்கம் உட்காருகிற மிதுலா, ஒன்றாவது படிக்கிற குட்டி, ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டே வருவாள், பால் சொசைட்டி திருப்பத்தில் வீலென்று கத்தினாள், “அக்கா, தாத்தா! தாத்தா!” பிரேக்கில் காலை வைத்தபோது கண்ணாடிக்கு முன்னால் யாருமே இல்லை. அப்புறம் இருந்தார். சைக்கிளோடு, கேரியரில் புல்லுக்கட்டோடு, ஒரு முழம் தள்ளி, வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார் ஒரு பெரியவர். “பாத்துட்டேன் கண்ணு, பாத்துட்டேன்,” என்றாள். பார்க்கவில்லை. பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள், சைக்கிள் விழுந்திருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள், பெரியவர் ஏதோ திட்டினார், ஆரனை அடித்துவிட்டுப் போய்விட்டாள். அவர்மேல்தான் தப்பு, குறுக்கே வந்தார், கிழங்களுக்கு ரோட்டில் என்ன வேலை என்று அன்றைக்குப் பொழுது சாயும் வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு தடவை ஏன் சொல்லிக்கொண்டாள்? உண்மையென்றால் ஒரு தடவை போதுமே.

அதற்கு முன்னால் வண்டியின் இடது கண்ணாடி உடைந்தது. பந்தல்காரன் கம்பை நீட்டி வைத்திருந்தான், அவன்மேல் தப்பு. அதற்கு முன்னால் ஸ்கூல் கேட்டுத் தூண் இடப்பக்கக் கதவைக் கீறியது, வாட்ச்மேன் கேட்டை முழுசாகத் திறக்கவில்லை. வீட்டில் மேசைமேல் வைத்த டீ டம்ளர் தட்டிவிட்டுக் கொட்டியது ஒருதரம் அல்ல, “உனக்கு என்னாச்சு, கையா காலா?” என்று அவள் வீட்டுக்காரர் குப்புராஜ் சலித்துக்கொண்டு டம்ளரை அவளுக்கு வலப்பக்கமாக வைக்க ஆரம்பித்தார், அவருக்கே தெரியாமல். தங்கச்சி கல்யாணத்தில் யாரோ ஒருத்தி பக்கத்தில் வந்து நின்று ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டே இருந்தாளாம், இவள் கண்டுகொள்ளவே இல்லையாம், திமிர் பிடித்தவள் என்று பேச்சு வந்தது. அவள் எந்தப் பக்கம் நின்றாள்? கேட்க வேண்டாம். கேட்டால் விடை தெரிந்துவிடும். மூக்குக்கண்ணாடிக் கடையில் சோதித்தபோது கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தாளே, கடைக்காரன் “உங்களுக்குக் கழுகுப் பார்வைங்க்கா” என்றானே. எழுத்து நேராக எதிரில் இருந்தது. எல்லாம் நேராக எதிரில் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. தூக்கம் பத்தவில்லை, அதுதான். இல்லையென்றால் பித்தம். மேடத்துக்குத்தான் கை நடுங்குகிறது, ஒன்றுக்கு இரண்டு விழுகிறது. ஆனால் மேடத்தின் கை நடுங்கவில்லை, மடிமேல் கல்லு மாதிரி இருந்தது.

“இப்படி வா, நான் அக்கட்டால உக்காந்துக்கறேன்,” என்றார் எஸ்தர் மேடம். “உனக்கு அந்தப் பக்கம் கிளை ஏதாச்சும் மறைக்குதோ என்னமோ.” இடம் மாறி உட்கார்ந்தார்கள். கிளை எதுவும் இல்லை. மூன்றாவது தடவை எண்ணத் தொடங்கினபோது சாந்தாமணிக்கு எண்ணுவதில் மனசு இல்லை, டிக் டிக்கென்ற சத்தம் எந்தப் பூச்சிக்கு எழுகிறது என்றே கவனித்தாள். சில சத்தத்துக்கு அவளுக்கும் பூச்சி இருந்தது. பல சத்தத்துக்கு இல்லை. இல்லாத சத்தம் கேட்டபோதெல்லாம் தலையைத் திருப்பினாள், திருப்பினதும் இருந்தது, பனைமரத்தைச் சுற்றி, பனைக்கு மேலே, பனைக்குக் கீழே, சாம்பல் பறக்கிற மாதிரி அத்தனை கருப்பு, எங்கேயோ பெரிசாக எரிந்து முடிந்து காற்று அதை அள்ளிக்கொண்டு வருகிற மாதிரி. தலையை நேராக வைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினாள். இருந்தன. நேராக. இல்லை. செய்யாதே, செய்யாதே என்று உள்ளே ஒருத்தி கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே அவள் வலது கை தானாக எழுந்து, முகத்தில் பூச்சி ஒட்டிக்கொண்டதைத் தள்ளுகிற பாவனையில், வலது கண்ணைப் பொத்தியது.

பனைமரம் போய்விட்டது. இருட்டாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். குருடு என்றால் கருப்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள், துணியைக் கட்டின மாதிரி. கருப்பில்லை. மறைப்பில்லை. பனைமரம் நின்ற இடத்தில் ஆகாயம் இருந்தது, அதே மேகத்தின் அதே சாம்பல் நிறம், ஒட்டுப்போட்டது தெரியாமல் ஒட்டின துணி மாதிரி, அங்கே மரம் எப்போதுமே இருந்ததில்லை என்று சத்தியம் செய்கிற ஆகாயம். கையை எடுத்தாள். பாதி மரம், அதுவும் உற்றுப் பார்த்தால். பொத்தினாள். மரம் இல்லை. எவ்வளவு சுத்தமாக ஏமாற்றுகிறது. கண் அல்ல, கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவர், காணாத இடத்தில் தனக்குத் தோன்றினதை வரைந்து வரைந்து அவளிடம் காட்டிக்கொண்டிருக்கிறார், மரத்தை அழித்து ஆகாயம், சைக்கிளை அழித்து ரோடு. எத்தனை ரோட்டை அப்படிக் காட்டியிருக்கிறார்? அந்த வெறும் ரோட்டில் எத்தனை பேர் நடந்துகொண்டிருந்தார்கள்?

அப்பாவுக்குக் கண்ணுக்குள் பிரஷர் என்று ஊரில் நடந்த கண் முகாமுக்கு வந்த டாக்டர் சொன்னார், ரொம்ப முற்றிவிட்டது, இது வலிக்காது, சொல்லிக்கொண்டு வராது, ஓரத்திலிருந்து தின்றுகொண்டே நடுவுக்கு வரும், போன பார்வை திரும்பாது, பிள்ளைகளும் வருஷத்துக்கு ஒருதரம் காட்டிக்கொள்ள வேண்டும். காட்டிக்கொள்ளலாம், காட்டிக்கொள்ளலாம் என்று வருஷங்கள் போயின. அப்பா தறி ஓட்டுகிறவர். கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டார், தறிக்கும் போனார், கேட்டால் “எனக்கென்ன, நல்லாத்தான் தெரியுது” என்பார். பொய் இல்லை. அவருக்கு நன்றாகத்தான் தெரிந்திருக்கும், இப்போது இவளுக்குத் தெரிகிற மாதிரி, ஓட்டை இல்லாத முழு உலகம். ஆட்டைக் கட்டப்போனவர், வாழ்நாள் எல்லாம் நடந்த வரப்பில், பட்டப்பகலில், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்குள் போனார். கால் தவறிவிட்டது என்றார்கள். சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், கால் தவறிவிட்டது, அவளும் கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னாள், கல்யாணமாகிப் போன வீட்டிலும் சொன்னாள். கால் தவறவில்லை. கால் சரியாகத்தான் வைத்தார். அவருக்கு அங்கே மண் தெரிந்தது, புல் தெரிந்தது, கிணறே இல்லாத நல்ல தரை தெரிந்தது, அதன்மேல் நம்பிக்கையோடு காலை வைத்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் கண்ணுக்குள்ளிருந்து அந்தத் தரையைப் பார்த்தாள் சாந்தாமணி, உட்கார்ந்திருந்த சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது, மதியத்துக்கு முன்னாலேயே கோகுல் விசிலடித்துவிட்டான். குழுவில் மற்றவர்கள் நாலு பேரும் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக வண்டியில் ஏறினார்கள். “சூப்பர் நாள்” என்றார்கள், “ஆத்து வெள்ளம் மாதிரி போச்சு” என்றார்கள். எஸ்தர் மேடம் மூன்று எண்ணிக்கையிலும் தன்னுடையதையே எழுதிக்கொள்ளச் சொன்னார், எதற்கென்று சொல்லவில்லை. சாவி சாந்தாமணி கையில் இருந்தது. ஓட்டலாம். ஏன் ஓட்டக் கூடாது? இத்தனை நாளும் இந்தக் கண்ணோடுதானே ஓட்டினாள், காலையில் இந்த மலை ஏறினதும் இதே கண்தானே. இப்போது தெரிந்துவிட்டது, தெரிந்ததால் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கலாம், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், மெதுவாகப் போகலாம், திருப்பத்துக்குத் திருப்பம் ஆரன் அடிக்கலாம். நாளைக்கு மட்டும் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிடலாம், பரீட்சை நடக்கிறது, நாளைக்கு ஒருநாள், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம். டாக்டர் ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லலாம். குப்புராஜ் போகிற சாயப்பட்டறை அடிக்கடி மூடிக்கிடக்கிறது, வாரத்தில் பாதி நாள் அவருக்கு வேலை கிடையாது, இந்த வண்டியும் நின்றுவிட்டால் அடுப்பும் நின்றுவிடும். ஒரு நாள். ஒரே நாள். ஏறி உட்கார்ந்தாள். எஸ்தர் மேடம் இடப்பக்க முன்சீட்டில், மிதுலா உட்காருகிற இடத்தில், உட்கார்ந்து கதவைச் சாத்தினார். வண்டி கிளம்பியது. நடுக்கமில்லாமல் முதல் கியர் விழுந்தது, அந்தச் சத்தம் ஆறுதலாக இருந்தது, கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் இல்லை. தலையைப் பாதி திருப்பி இடப்பக்கம் பார்த்தாள். வெறும் மண்தரை. சுத்தமாக இருந்தது. ரோட்டுக்கு இறக்க வண்டியை இடப்பக்கம் ஒடித்தாள்.

“அக்கா! அக்கா! நில்லுங்க்கா!”

தகரத்தில் உள்ளங்கை படபடவென்று அறைந்தது. பிரேக்கை மிதித்தாள். எல்லோரும் முன்னால் சரிந்து பின்னால் விழுந்தார்கள். மண்தரையில், அவள் சற்றுமுன் பார்த்த சுத்தமான மண்தரையில், பம்பருக்கும் கட்டைச் சுவருக்கும் நடுவில் கோகுல் நின்றுகொண்டிருந்தான், சுவரோரம் நட்டிருந்த குழுவின் போர்டைப் பிடுங்கிக் கையில் பிடித்தபடி, வயிற்றை எக்கிக்கொண்டு. முகம் வெளுத்திருந்தது. பிறகு சிரித்தான். “என்னக்கா, என்னைய இங்கயே பொதைச்சுட்டுப் போலாம்னு பாத்தீங்களா?” பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். எஸ்தர் மேடம் சிரிக்கவில்லை. சாந்தாமணி சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.

இறங்கி, வண்டியை முன்பக்கமாகச் சுற்றி, ஒரு கையால் தகரத்தைத் தடவிக்கொண்டே வந்து கோகுலிடம் சாவியை நீட்டினாள். “நீங்க எடுங்க கோகுல்.”

“ஏனுங்க்கா, கோவமா? சும்மாதான சொன்னேன்.”

“கோவமில்லீங். எனக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியல.”

சொல்லிவிட்டாள். வெளியே கேட்டபோது அது வேறு யாரோ சொன்ன மாதிரி, பஸ் ஸ்டாண்டில் காதில் விழுந்த பேச்சு மாதிரி இருந்தது. சிரிப்புச் சத்தம் ஒவ்வொன்றாக அணைந்தது. கோகுல் அவள் கையிலிருந்து சாவியை மெல்ல வாங்கினான், சூடான பாத்திரத்தை வாங்குகிற மாதிரி. எஸ்தர் மேடம் கதவைத் திறந்து இறங்கிவந்து அவளுடைய இடப்பக்கமாக நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கமிருந்துதான் ஒரு கை வந்து முழங்கையைப் பிடித்தது. “உக்காரு சாந்தாமணி,” என்றது அந்தக் கை இருந்த திசை. மேடம் இந்தத் தடவை கண்ணு என்று கூப்பிடவில்லை.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் நாளைக்கு ஒருநாள் என்கிற அந்தக் குரல் மறுபடி கிளம்பிவிடும், அது சாமர்த்தியசாலி, இறங்கிப் போகிற ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு காரணம் சொல்லும், வீடு போய்ச் சேருவதற்குள் ஜெயித்துவிடும். நின்றபடியே போனை எடுத்து மிதுலாவின் அம்மாவுக்கு அடித்தாள். மலைமேல் ஒற்றைக் கோடுதான் சிக்னல். மழையின் முதல் சொட்டுகள் சாலையில் அங்கங்கே விழுந்துகொண்டிருந்தன. தலைக்கு மேல் பட்டாம்பூச்சிகள் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தன போலிருக்கிறது, வண்டிக்குள்ளிருந்த ஒரு பெண் கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க்கா,” என்றாள் மிதுலாவின் அம்மா. பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு வண்டி வராதுங்.”

“ஐயோ, நாளைக்குக் கணக்குப் பரீட்சையாச்சே. வண்டி ரிப்பேருங்களா?”

“வண்டி நல்லாத்தான் இருக்குதுங். எனக்குத்தான்...” போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். “எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியலீங். இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க வேற வண்டி பாத்துக்கங்க.”

“அச்சச்சோ. டாக்டர்கிட்டப் போனீங்களா? பாத்துக்கங்க்கா, உடம்பைப் பாருங்க, புள்ளைய நாங்க எப்படியோ...” என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், நல்ல மனசுக்காரி, பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவள். நடுவில் பேச்சு நின்றது. மிக்ஸி நின்றது. போன் கட்டாகிவிட்டதோ என்று சாந்தாமணி காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், கட்டாகவில்லை, வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தபோது அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது, ஒரு தாய் முன்சீட்டையும் ஜன்னலையும் ஒவ்வொரு காலையையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துப் பார்க்கிற மூச்சு.

“எத்தனை நாளாங்க்கா?” என்றாள். குரல் மாறியிருந்தது.

சாந்தாமணி யோசித்தாள். வியாழக்கிழமையைத் தாண்டினாள், உடைந்த கண்ணாடியைத் தாண்டினாள், கேட்டுத் தூணையும் டீ டம்ளரையும் கல்யாண வீட்டையும் தாண்டி இன்னும் பின்னால் போனாள், இந்தப் பிள்ளை வண்டியில் ஏறின முதல் நாள் வரைக்கும் போனாள். எங்கே பார்த்தாலும் ரோடு சுத்தமாக இருந்தது, ஒரு ஆள் இல்லாமல், ஒரு குறையில்லாமல்.

“தெரியலீங்,” என்றாள்.